முன்பணம் இல்லாதவன் வீடு: ஜவ்வாது மலையை முன்வைத்து ஒரு விசாரணை

ஜமுனாமரத்தூருக்கு அருகே கீழ்ச்செப்பிலி என்னும் ஊரை ஒட்டி, பெருங்கற்காலத்து மக்கள் பலகைக் கற்களை நிறுத்தி, அவற்றின் மேல் ஒரு பெரும் பாறையை ஏற்றி மூடிய கற்திட்டைகள் இன்றும் கூட்டமாக நிற்கின்றன. அவற்றை ஜவ்வாது மலைவாசிகள் 'வாலியர் வீடு' என்ற பெயரால் வழங்குகிறார்கள். இறந்தோர்க்காக எழுந்த அந்த வீடுகளுக்கு அதிக தூரமில்லாமல், உயிரோடிருப்பவர்கள் மண்சுவர் எழுப்பி, புல் வேய்ந்து, வேய்ந்த புல் மழையில் இற்றுப்போகும் போதெல்லாம் மறுபடி வேய்ந்து காலம் கழித்துவந்த குடிசைகள் இருக்கின்றன. இக்குடிசைகளைக் கான்கிரீட் கூரை வீடுகளாக மாற்ற வேண்டும் என்பதில் அரசாங்கங்களுக்குள் அபிப்பிராய பேதம் எக்காலத்திலும் இருந்ததில்லை. பேதமெல்லாம், உதவிக்கு உரியவன் யார், அவனுடைய வருமானம் எவ்வளவுக்கு உட்பட்டிருக்க வேண்டும், அதை எவ்வாறு அறிவது என்னும் விஷயத்தில்தான். அந்தக் கேள்வியை இந்த மலையின் மேல் நின்று பார்த்தால், சமவெளியில் நின்று பார்ப்போர் கண்ணுக்குத் தெரியாத ஒரு பக்கம் தெரிகிறது; அதைச் சொல்வதே இக்கட்டுரையின் உத்தேசம்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் அங்கமாகிய ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன்றியத்தில் 11 ஊராட்சிகள் உள்ளன. திருப்பத்தூர் பக்கத்தில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்றும், வேலூர் பக்கத்தில் பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை என்றும் ஊர்கள் விரிகின்றன. மக்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிகள். கேரளத்தவர் அல்லர், மலையை ஆள்பவர் என்ற பொருளில் அப்பெயர் கொண்ட தமிழ்க் குடியினர். பழைய வடாற்காடு மாவட்டத்து மலையாளிகள் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். அதே பெயர் கொண்ட ஈரோடு மாவட்டத்து மலையாளிகள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆயினும் அரசியல் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பகுதி எதுவும் தமிழ்நாட்டில் இல்லாமையால், பழங்குடி நாட்டுக்கென்று பிரத்தியேகமாக விதிகள் வகுக்கும் வழி இங்கே அடைபட்டிருக்கிறது. சமவெளிக்கு எழுதிய விதியே மலைக்கும் ஏறிவருகிறது.

வீடு கட்ட நினைப்பவனுக்கு அரசாங்கம் கைகொடுக்கையில் வருமானத்துக்கு ஓர் உச்சவரம்பு வைக்கும் வழக்கம் நம் நாட்டில் சுதந்தரத்துக்குப் பின் வேரூன்றியது. 1954-ல் வந்த குறைந்த வருமானத்தாருக்கான வீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 6,000 ரூபாய்க்கு மிகாதவர்க்கு, கட்டுமானச் செலவில் 80 சதவீதம் வரை கடனாக வழங்கியது. மீதமுள்ள ஐந்தில் ஒரு பங்கை வீட்டுக்காரனே தன் கையிலிருந்து போட வேண்டும். அந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் 6,000 ரூபாய் என்னும் மேல்வரம்பையே பேசினார்கள். அந்த ஐந்தில் ஒரு பங்கு, எழுதப்படாத ஒரு கீழ்வரம்பாக இருந்து, அதைத் திரட்ட முடியாதவனை வாசலிலேயே நிறுத்திவிட்டதை எவரும் வரம்பு என்று பெயரிட்டு அழைக்கவில்லை. வீட்டு உதவிக்கு யோக்கியதை என்பது இரண்டு முனைகள் உடையது. மேல்முனையை அரசாங்கம் சட்டத்தில் எழுதுகிறது, கீழ்முனையைத் திட்டத்தின் நடைமுறை தானாகவே எழுதிக்கொள்கிறது என்பது என் துணிபு.

முன்பணத்தையே நேராக உதவியாகக் கொடுத்துப் பார்த்த தேசங்களும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2003-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஒரு சட்டம், முதன்முறையாக வீடு வாங்குகிறவர்களுக்கு 10,000 டாலர் அல்லது விலையில் 6 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதுவரை முன்பண உதவி அளிக்க வழி செய்தது. அங்கே உச்சவரம்பு தேசம் முழுமைக்கும் ஒரே தொகை அன்று. ஒவ்வொரு வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தைக் கணக்கிட்டு, அதில் 80 சதவீதத்துக்கு மேற்படாத குடும்பம் எது என்று, குடும்பத்தின் தலைக்கட்டையும் சேர்த்துப் பார்த்து நிர்ணயிக்கிறார்கள். ஏழை வட்டாரத்தில் ஏழை என்பதற்கும் செல்வ வட்டாரத்தில் ஏழை என்பதற்கும் அளவு வேறாகிறது. தமிழர் பலர் குடியேறி வாழும் சிங்கப்பூரிலோ, 2019-ல் ஏற்பட்ட விரிவுபடுத்திய வீட்டு மானியத்துக்கு மாத வருமானம் 9,000 வெள்ளிக்கு மிகக்கூடாது என்று மேல்முனை வகுத்தவர்கள், விண்ணப்பிப்பதற்கு முன் 12 மாதம் இடையறாமல் வேலையில் இருந்திருக்க வேண்டும் என்று கீழ்முனையையும் ஒளிக்காமல் எழுதிவைத்தார்கள். அந்த நிபந்தனை கடுமையானதாக இருக்கலாம். ஆனால் எழுதப்பட்டிருக்கிறது, ஆகவே அதைப் பற்றி வாதிட முடிகிறது. நம்முடைய நகர்ப்புறத் திட்டமோ, 2024-ல் புதுப்பிக்கப்பட்ட வடிவத்தில், ஆண்டுக்கு 3 லட்சம் வரை, 6 லட்சம் வரை, 9 லட்சம் வரை என மூன்று படிகளை இந்தியா முழுமைக்கும் ஒன்றாகவே வைத்திருக்கிறது. நகரங்களுக்கே உரிய அத்திட்டம் மலை ஏறுவதில்லை. கிராமத்தார்க்கென 2017-ல் 2 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை தரும் திட்டம் வந்தபோதும், வங்கியில் கடன் பெறும் நிலையில் இருப்பவனையே அது தேடிற்று.

கிராமப்புறத்து வரலாறு வேறு பாதையில் சென்றது. 1985-ல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டம் முதலில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், கொத்தடிமைத் தளையிலிருந்து விடுவிக்கப்பட்டோர் ஆகியோர்க்கென்றே வந்தது; 1993-94-ல்தான் பிற ஏழைகளுக்கும் விரிந்தது. ஏழை யார் என்று கண்டுபிடிக்க 1992-ல் எடுத்த கணக்கு, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 11,000 ரூபாய் என்று ஒரு கோடு கிழித்தது. நாள்கூலிக்கும் மழைக்கும் கட்டுப்பட்ட ஒரு குடும்பத்தை நோக்கி உன் ஆண்டு வருமானம் என்ன என்று கேட்டால், அக்கேள்விக்கு அவர்களிடம் விடை இருப்பதில்லை. எழுதுகிறவரே ஓர் எண்ணை எழுதிக்கொள்ள வேண்டியதாகிறது. 1997-ல் வருமானத்தை விட்டுச் செலவைப் பார்த்தார்கள். அதற்கு முன்பே நிலம், கல்வீடு, சில பொருள்கள் உடையோரை விலக்கினார்கள். 2002-ல் 13 குறிகளுக்கு மதிப்பெண் இட்டார்கள். 2011-ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்போ, வீட்டில் எத்தனை அறை, சுவர் மண்ணா, கூரை புல்லா என்று கண்ணால் கண்டதையே முதன்மையாகக் கொண்டது. இருபது வருஷங்களில் அரசாங்கம் தன் அனுபவத்தாலேயே ஒன்றைக் கற்றுக்கொண்டது: கிராமத்து வருமானத்தைக் கேட்டறிய முடியாது, பொருளைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். இது மதிக்கத்தக்க முன்னேற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் பொருளைப் பார்த்து ஊகிப்பவன் அந்தப் பொருள் அந்த நிலத்தில் எதற்குப் பயன்படுகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். 2016-ல் வந்த பிரதம மந்திரியின் ஊரகக் குடியிருப்புத் திட்டம், 13 விலக்குகளில் ஒன்றாக, மோட்டார் இருசக்கர வண்டி வைத்திருப்போரை நீக்கிற்று. சமவெளியில் அது வசதியின் அடையாளமாக இருந்திருக்கலாம். பஸ் அரிதாக வரும் மலைப்பாதையிலோ, சாமை மூட்டையும் பலாப்பழமும் சந்தைக்கு இறங்குவதும், பிரசவ வேதனையில் இருக்கும் பெண் ஆஸ்பத்திரிக்குப் போவதும் அந்த வண்டியில்தான்; பல குடும்பங்கள் கடன்பட்டு ஒன்றை வாங்கி ஊருக்கே பொதுவாய் ஓட்டுகின்றன. நல்ல வேளையாக 2024-ல் விதிகளைத் திருத்தியபோது இருசக்கர வண்டி, குளிர்சாதனப் பெட்டி, தொலைபேசி ஆகிய விலக்குகளை எடுத்துவிட்டார்கள். 13 என்பது 10 ஆயிற்று. மாத வருமான வரம்பும் 10,000-லிருந்து 15,000 ரூபாயாக உயர்ந்தது.

அதே திருத்தத்தில் நிலத்தைப் பற்றிய விதி மட்டும் மலைக்கு எதிராகத் திரும்பியது. முன்பு, பாசன நிலத்துக்கு இருந்த விலக்குகளைத் தவிர, 7.5 ஏக்கர் நிலமும் அதோடு ஒரு பாசனக் கருவியும் உடையவனே விலக்கப்பட்டான். இப்போது பாசனமில்லாத நிலம் 5 ஏக்கர் இருந்தாலே விலக்கு. வானம் பார்த்த 5 ஏக்கர் என்பது ஜவ்வாது மலையில் என்ன என்பதை அங்கே நடந்து பார்த்தவர் அறிவர். பாறையும் சரிவுமாகக் கிடக்கும் கொல்லையில் ஆடியில் சாமையோ கேழ்வரகோ விதைத்து, பன்றிக்கும் மயிலுக்கும் காவல் இருந்து, கார்த்திகை வாக்கில் அறுத்து வருவது வீட்டுச் சாப்பாட்டுக்கும் கடனுக்கும் சரியாய்ப் போகிறது. மறு போகம் என்பது பெரும்பாலும் இல்லை. பாட்டன் பெயரில் ஒரே பட்டாவாக இருக்கும் அந்த 5 ஏக்கரை மூன்று மகன்கள் பங்கிட்டு உழுதாலும், தாளில் பாட்டன் ஒருவரே நிலக்காரர். காவிரிக் கரையின் ஏக்கரும் கீழ்ச்செப்பிலிச் சரிவின் ஏக்கரும் ஒரே ஏக்கர் என்று கருதுவது நில அளவை சாஸ்திரத்துக்குப் பொருந்தும், வாழ்க்கைக்குப் பொருந்தாது.

15,000 ரூபாய் என்பதையும் கொஞ்சம் ஆராய வேண்டும். அறுவடை முடிந்ததும் மலையின் ஆண்கள் கேரளத்துக்கும் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்கும் கூலிக்கு இறங்குகிறார்கள். நாளுக்கு 700 ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டு, மாதத்தில் 22 நாள் வேலை கிடைத்ததென்றால், அம்மாதத்து வருமானம் 15,400 ரூபாய். அந்த மாதத்தைக் கண்டு கணக்கெடுப்பவர் குறித்தால் அக்குடும்பம் வரம்பைத் தாண்டிவிடுகிறது. ஆனால் அவ்வாறு கிடைக்கும் மாதங்கள் வருஷத்தில் ஐந்து என்றால், வருஷத்துக்கு 77,000. மாதச் சராசரி 6,416 ரூபாய்தான். மாத வருமானம் என்னும் கருத்தே, முதல் தேதியில் சம்பளம் வாங்குகிற உத்தியோகஸ்தரின் வாழ்விலிருந்து பிறந்தது. சாமையும் புளியும் பலாவும் தேனும் கடுக்காயும் வெவ்வேறு பருவங்களில் கையில் வந்து, வந்த அன்றே கடனுக்குப் போகிற குடும்பத்துக்கு மாதம் என்பது கணக்கின் அலகே அன்று, பருவம்தான் அலகு.

வருமானச் சான்றிதழைப் பற்றி விரிவாகச் சொல்ல அவசியமில்லை. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று படிப்படியாகச் சென்று வரும் அந்தத் தாள், எந்தத் திட்டத்துக்கு வேண்டுமோ அந்தத் திட்டத்தின் வரம்புக்குச் சற்று உட்பட்ட ஓர் எண்ணைத் தாங்கி வருவதை நாடறியும். அதில் வஞ்சகம் இருப்பதாக நான் கருதவில்லை. அளக்க முடியாததை அளக்கச் சொன்னால் மனிதர் என்ன செய்வார்களோ அதையே செய்கிறார்கள்.

மேல்முனையைப் பற்றி இவ்வளவு. இதைவிடக் கனமான விஷயம் கீழ்முனையில் இருக்கிறது.

தமிழ்நாட்டு அரசாங்கம் 2024-25-ல் தொடங்கிய 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம் வருமானத்தை முதல் கேள்வியாகக் கேட்பதில்லை. குடிசையில் வாழ்கிறாயா, மனைக்குப் பட்டா இருக்கிறதா என்றே கேட்கிறது. ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். 360 சதுர அடியில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. மத்திய திட்டம் சமவெளிக்கு 1.20 லட்சமும், இமயமலை மாநிலங்களுக்கும் வடகிழக்குக்கும் கடினப் பகுதிகளுக்கும் 1.30 லட்சமும் என்று நின்றுவிட்ட இடத்தில் மாநிலம் இந்த அளவு முன்னே வந்தது பாராட்டுக்குரியது. மலை மாநிலம் என்று பெயர் பெறாத ஒரு மாநிலத்தின் மலைக்கு அந்த அதிகப்படிப் பத்தாயிரங்கூடத் தானாக வருவதில்லை என்பதை நினைக்கும்போது இதன் அருமை இன்னும் தெரியும்.

ஆனால் இந்தப் பணம் வேலை எழும்பிய மட்டத்தைப் பார்த்துத் தவணை தவணையாக வருகிறது: பேஸ்மட்டம் முடிந்தால் ஒன்று, ஜன்னல் மட்டத்துக்கு ஒன்று, கூரை போட்டால் ஒன்று, பூச்சும் தரையும் முடிந்தபின் கடைசி. ஆகவே முதல் கடப்பாரை விழுவதற்கும் முதல் தவணை வருவதற்கும் நடுவில் ஆகும் செலவு முழுவதும் வீட்டுக்காரன் தலையில் நிற்கிறது. அஸ்திவாரம் தோண்ட ஆட்கூலி, கருங்கல், ஜல்லி, மணல், கொத்தனாருக்கு அட்வான்ஸ். பஸ் ரோட்டோடு ஜல்லியும் கம்பியும் வந்து நின்றால், அங்கிருந்து ஊர்வரை டிராக்டர் போகும் வழி இருந்தால் டிராக்டர் வாடகை, இல்லையேல் தலைச்சுமை. இதெல்லாம் முடிந்து, ஓவர்சியர் வந்து அளந்து, படம் எடுத்து ஏற்றி, பணம் கணக்கில் விழும்வரை காத்திருக்கத் திராணி உள்ளவன்தான் வீட்டுக்காரன் ஆகிறான். அந்தத் திராணி இல்லாதவன், விதிப்படி எல்லாத் தகுதியும் உடையவனாய் இருந்தும், வீட்டு ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு குடிசையிலேயே இருக்கிறான். வரம்புக்கு மேற்பட்டவனை விலக்கும் விதியை நூறு முறை திருத்தினோம். வரம்பின் அடியில் கிடப்பவனை விலக்கும் இந்த வழக்கத்துக்கு ஒரு பெயர்கூட இல்லை.

இங்கே 'முன்பணம்' என்னும் சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். நகரத்தான் வாயில் முன்பணம் என்பது வீட்டுக்காக அவன் கொடுப்பது. மலையிலும் மலையடிவாரத்திலும் முன்பணம் என்பது, செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ தோட்டத்துக்கோ ஆள் சேர்க்கிற மேஸ்திரியிடம், வரப்போகும் மாதங்களின் உழைப்பை ஈடாக வைத்து ஒருவன் வாங்குவது. அவசரத்துக்குக் கைமாற்று கிடைக்காத ஊரில் பெரிய தொகை சட்டென்று கிடைக்கும் இடம் அது ஒன்றே. ஆகவே அஸ்திவாரத்துக்குப் பணம் வேண்டியவன் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி, வீட்டு வேலையைத் தொடங்கிவைத்துவிட்டு, அந்த முன்பணத்தை உழைத்துக் கழிக்க வெளியூர் போகிறான். வேலையைப் பார்க்க ஆள் இல்லாமல் பேஸ்மட்டம் மழையில் நனைகிறது. கொத்தடிமை முறையை 1976-ல் சட்டம் ஒழித்தது. அதிலிருந்து மீண்டவர்க்கென்றே 1985-ல் வீட்டுத் திட்டம் பிறந்தது. அந்தத் திட்டத்தின் வழிவந்த ஒரு வீட்டை எழுப்பவே ஒருவன் மறுபடி முன்பணத்தின் கீழ்ப் போக நேர்வது, நெஞ்சு பொறுக்கும் காரியம் அன்று. முன்பணம் ஒருவனை எங்கெல்லாம் கொண்டு போய்விடும் என்பதற்கு, 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டில் சுடப்பட்டு இறந்த தமிழ்நாட்டு மரவெட்டிகள் 20 பேரை நினைத்தால் போதும். திருவண்ணாமலை மாவட்டத்தாரும் தருமபுரி மாவட்டத்தாரும் அவர்களில் இருந்தார்கள்.

வங்கியில் கடன் பெறலாமே என்று கேட்பவர்க்கு, ஈடு என்ன என்பதே விடை. காட்டை ஒட்டிய கொல்லைகளுக்கும் குடியிருப்பு மனைகளுக்கும் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி பெறும் உரிமை, வழிவழியாக மக்களுக்கு வரும், ஆனால் விற்கவோ மாற்றவோ இயலாது. பழங்குடி நிலம் பிறர் கைக்குப் போகாமல் காக்கும் நல்ல ஏற்பாடு அது. அதை நான் குறை கூற மாட்டேன். ஆயினும் விற்க முடியாத நிலத்தை அடமானமாக ஏற்க வங்கி முன்வருவதில்லை. தமிழ்நாட்டில் 2008-ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் அந்த உரிமைப் பத்திரங்கள் வழங்குவதே தடைபட்டு, 2016-ல் உச்சநீதிமன்றம் தடையை நீக்கிய பிறகே வேலை நகர்ந்தது. எட்டு வருஷங்கள் பத்திரமில்லாமல் கழிந்தன. வீட்டு உதவிக்குப் பட்டா வேண்டும் என்னும் விதியை இந்த வரலாற்றோடு சேர்த்தே வாசிக்க வேண்டும்.

பணத்தை முன்னதாகவே கொடுத்தால் அதைக் கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் செலவிட்டுவிடுவார்கள், வீடு எழும்பாது என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. அது வெறும் சாக்கு அன்று. பாதியில் நின்ற வீடுகளைக் கண்டு கசந்த அனுபவம் அவர்களுக்கு உண்டு, தணிக்கைக்கு விடை சொல்ல வேண்டியவர்களும் அவர்களே. ஆனால் வீடு பாதியில் நிற்பதற்குக் காரணம் முன்னே கொடுத்தது என்பதைவிட, நடுவில் பணம் வற்றியது என்பதே பெரும்பாலும் உண்மையாக இருக்கும். மேலும் மத்திய திட்டத்தின் வழிகாட்டு நெறிகளே, ஆணை வழங்கிய ஒரு வாரத்துக்குள் முதல் தவணை பயனாளியின் கணக்கில் சேர வேண்டும் என்று கூறுகின்றன. ஆகவே முன்பே கொடுப்பது நூதனமான யோசனை அன்று. ஒரு திட்டத்தில் எழுதப்பட்டிருப்பதை மற்றொன்றுக்கும், தாளில் இருப்பதை நடைமுறைக்கும் கொண்டுவரச் சொல்வதே.

பணமாகக் கொடுக்க அச்சம் என்றால் பொருளாகக் கொடுக்கலாம். சிமெண்டும் கம்பியும் இப்போதும் அரசாங்க வழியாகக் கிடைக்கின்றன. அவற்றோடு அஸ்திவாரத்துக்கான கல்லும் ஜல்லியும், ரோட்டிலிருந்து ஊர்வரைக்கும் உள்ள சுமைக்கூலியும் சேர்ந்தால், முதல் மட்டம் கடன் இல்லாமல் எழும்பும். ஊரக வேலைத் திட்டத்தின் கீழ் வீட்டுக்குரியவனுக்கே கணக்கிட்ட 90 நாள் கூலி, 2024-25-ன் 319 ரூபாய் விகிதத்தில் 28,710 ரூபாய் ஆகிறது. இதை வேலை முடிந்தபின் அன்றி, அஸ்திவாரம் தோண்டும் வாரங்களிலேயே கொடுத்தால், அவன் வெளியூர் போகாமல் தன் வீட்டு வேலையில் தானே நிற்பான். மலைவாழ் மக்களுக்கென்றே அமைந்த பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள், வீட்டு ஆணையையே ஈடாகக் கொண்டு முதல் தவணை வரையிலான சிறு கடனைக் கொடுத்து, தவணை வந்ததும் கழித்துக்கொள்ளலாம்; அரசாங்கத்தின் கையெழுத்தைவிட நம்பத்தக்க ஈடு வேறு எது? வருமானத்தைப் பொறுத்தமட்டில், மாதத்தை விட்டு வருஷத்தையும், ஏக்கரை விட்டு அந்த ஏக்கரின் விளைச்சலையும் அளவாகக் கொண்டு, மலை ஒன்றியங்களுக்குத் தனி அளவு வகுக்க மாநில அரசாங்கத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, குறைந்தபட்சம் தன் சொந்தப் பணத்தில் நடத்தும் திட்டத்துக்கேனும்.

ஆணை வரும் காலமும் ஒரு விஷயம்தான். ஐப்பசி மழையில் ஆணை வந்தால் அஸ்திவாரக் குழி குளமாகும். ஆடியில் வந்தால் வீட்டார் அனைவரும் கொல்லையில் இருப்பார்கள். சாமை அறுத்து, போரடித்து, கடன்காரன் இன்னும் வாசலுக்கு வராத தை மாதத்தின் முதல் வாரங்களில், ஆட்கள் கேரளத்துக்கு மூட்டை கட்டுவதற்கு முன், முதல் தவணையோடு ஆணையும் ஒருசேர வந்தால், சித்திரைக் கோடை மழைக்குள் கூரை மட்டம் வந்துவிடும்.